வீட்டுக்கடன் ஏஜெண்ட் ஆகலாமா? – கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

காரைக்குடியில் ஒரு நகைக்கடன் கம்பெனியின் கிளையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 29. மாதம் 22,000 ரூபாய் கைக்கு வருகிறது. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறாள்.

என் அத்தை மகன் மெல்போர்னில் வீட்டுக்கடன் புரோக்கராக இருக்கிறான். ஒருவருக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டால் அது தீரும்வரை கமிஷன் வந்துகொண்டே இருக்கும், நீயும் ஊரில் ஆரம்பி என்கிறான். இங்கே ஒருவர் தன்னுடைய டி.எஸ்.ஏ. கோடின் (வங்கிக்குக் கடன் கேட்பவர்களைக் கொண்டுவரும் ஏஜெண்டுக்கு வங்கி தரும் எண்) கீழ் என்னைச் சேர்த்துக்கொள்வதாகவும், கமிஷனில் பாதி தருவதாகவும் சொல்கிறார். ஆனால் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வர வேண்டுமாம். பள்ளத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்கு 30 லட்சம் வீட்டுக்கடன் தேவைப்படுகிறது. அவருக்கு 58 வயது. 2018-ல் வாங்கிப் போட்ட மனை இருக்கிறது. அவர்தான் என் முதல் கஸ்டமர் என்று நினைத்திருக்கிறேன்.

அம்மாதான் பயப்படுகிறார்கள். "நாலு பேருக்குக் கடன் வாங்கிக் கொடுத்துட்டு, நாளைக்கு அவங்க கட்ட முடியலைன்னா ஊருக்குள்ள எப்படி நடப்பே?" என்று கேட்கிறார்கள். நான் இறங்கலாமா?

எம்., காரைக்குடி

அன்புள்ள தம்பி,

இறங்கலாம். ஆனால் இந்த மாதம் வேலையை விட்டுவிட்டு இறங்க வேண்டாம். அம்மாவின் பயத்தையும் பெரியவர்கள் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வியைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

என் அய்யா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவில் மோல்மீன் பக்கம் ஒரு செட்டியார் கடையில் வேலை பார்த்தவர். பெட்டியடிப் பையனாகப் போனார். கடையைக் கூட்டுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, கடையை நடத்தும் மேலாள் சொல்லச் சொல்ல கணக்கு எழுதிப் பழகுவது, இவ்வளவுதான் வேலை. மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊருக்கு வந்து, மறுபடி போனபோதுதான் அடுத்தாள், அதாவது மேலாளுக்கு அடுத்தவர், ஆனார். அதற்குப் பிறகும் தனியாக ஒருவனுக்குக் கடன் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு வரவில்லை. அது மேலாளுக்கு உரியது. கடன் கேட்டு வருகிறவனின் வயலைப் பார்க்கவும் அவன் முகத்தைப் பார்க்கவும் ஒருத்தன் வருடக்கணக்கில் பழக வேண்டும் என்று அந்தக் கடைகள் நினைத்தன. அப்படிப் பழகியவர்களுக்கே பின்னால் என்ன ஆயிற்று என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1930-களில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் நிலத்துக்காகக் கடன் கொடுத்தவர்கள் இல்லை. வந்த நிலத்தை வாங்குவதற்கும் ஆள் இல்லை. பர்மியர்களின் கோபம்தான் மிஞ்சியது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது அய்யா கையில் எதுவும் இல்லாமல் ஊர் திரும்பினார். கட்ட முடியாதவனுக்குக் கடன் கொடுத்ததைப் பற்றி அவர் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார்.

அதனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது, நீங்களும் முதலில் பெட்டியடியில் உட்காருங்கள் என்பதுதான். நகைக்கடனில் ஆறு வருடம் இருந்தது வீண் இல்லை. ஆனால் அங்கே பொருள் உங்கள் கையில் இருக்கிறது. உரைத்துப் பார்த்து, எடை போட்டு, பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். வீட்டுக்கடனில் உங்கள் கைக்கு வருவது காகிதம். அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவன் நம் பகுதியில் குறைவு. உங்களுக்கு இங்கே பிழைப்பு இருக்கிறது என்று நான் நம்புவதற்குக் காரணமே அதுதான்.

நம் ஊர் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வளவு வீட்டில் ஐந்து பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் காலமாகி வாரிசுச் சான்றிதழ் எடுக்காமல் கிடக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது என்று ஒருவர் பெருமையாக நீட்டுவார். அதில் பெண் பிள்ளைகளின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் கொண்டுவந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம், 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூட இல்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பதிவான பாகப்பிரிவினையை அந்தத் திருத்தம் தொடாது. அதற்குப் பிறகு எழுதியதில் அக்கா தங்கைகள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம் இல்லை என்றால் வங்கி வக்கீல், சொத்தைப் பற்றித் தரும் லீகல் ஒபினியனில் அங்கேயே நிறுத்திவிடுவார். வெளிநாட்டில் இருப்பவர் பவர் பத்திரம் எழுதி அனுப்பியிருந்தால், அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்றும் பார்ப்பார். இதையெல்லாம் ஃபைல் லாகின் ஆவதற்கு, அதாவது விண்ணப்பம் வங்கியில் பதிவாவதற்கு, முன்பே பார்த்துச் சொல்கிறவன்தான் நல்ல ஏஜெண்ட். வாங்குகிறவருக்கு பிராசஸிங் ஃபீஸ் மிஞ்சும், இரண்டு மாத அலைச்சல் மிஞ்சும். எனக்குத் தெரிந்து தேவகோட்டையில் ஒருவர் இதை மட்டுமே நம்பித் தொழில் செய்கிறார். அவர் விளம்பரம் செய்து நான் பார்த்ததில்லை. பத்திரம் எழுதுகிறவர்களே அவரிடம் ஆள் அனுப்புகிறார்கள்.

ஆகவே சனி, ஞாயிறுகளில் ஒரு பத்திர எழுத்தரிடமோ வங்கிக்கு ஒபினியன் கொடுக்கும் வக்கீலிடமோ போய் உட்காருங்கள். ஒரு வருடம் போதும். மூலப்பத்திரத்தில் தொடங்கி இன்றைய பட்டாவரை ஒரு சொத்து எப்படிக் கைமாறி வந்தது, வில்லங்கச் சான்றில் எந்த வருடம் விட்டுப்போயிருக்கிறது என்று நீங்களாகவே சொல்லும் அளவுக்கு வாருங்கள்.

மெல்போர்ன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அத்தை மகன் பொய் சொல்லவில்லை. அவர் இருக்கும் இடம் வேறு. ஆஸ்திரேலியாவில் கடன் புரோக்கருக்குச் சட்டப்படி உரிமம் வேண்டும், அல்லது உரிமம் பெற்ற ஒருவரின் பிரதிநிதியாக இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல், கடன் வாங்குகிறவரின் நன்மைக்குத்தான் புரோக்கர் முதலிடம் தர வேண்டும் என்பது அங்கே சட்டக் கடமை. கடன் நிலுவையில் இருக்கும்வரை சிறு கமிஷன் வருவது உண்மைதான். ஆனால் வாங்கியவர் ஓரிரு வருடத்துக்குள் கடனை அடைத்துவிட்டால் முதலில் வாங்கிய கமிஷனைத் திருப்பித் தர வேண்டி வரும். அதைச் சொன்னாரா என்று கேளுங்கள். அங்கே வங்கித் துறையை விசாரித்த ராயல் கமிஷன் என்ற விசாரணைக் குழு, 2019-ல், புரோக்கருக்கான கூலியை வங்கி தரக்கூடாது, கடன் வாங்குகிறவரே தர வேண்டும் என்றுகூடப் பரிந்துரைத்தது. அரசு அதை நிறைவேற்றவில்லை. ஆனாலும் யார் கூலி கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம் மனம் சாயும் என்று ஒரு நாடே உட்கார்ந்து யோசித்திருக்கிறது.

இங்கே ரிசர்வ் வங்கி டி.எஸ்.ஏ.வுக்கென்று தனி உரிமம் எதுவும் தருவதில்லை. வங்கியோ வீட்டுக்கடன் நிறுவனமோ ஒப்பந்தம் போட்டு ஒரு கோடு தரும், அவ்வளவுதான். வீட்டுக்கடனுக்குப் பொதுவாக ஒரே தடவைதான் கமிஷன், அதுவும் பணம் டிஸ்பர்ஸ் ஆன பிறகு, அதாவது கடன் தொகை கொடுக்கப்பட்ட பிறகு. நிறுவனத்தைப் பொறுத்து கால் சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம்வரை இருக்கும். 0.4 என்று வைத்துக்கொண்டால் 25 லட்சம் கடனுக்கு 10,000 ரூபாய். அதில் பாதி உங்களுக்கு, 5,000. இப்போதைய சம்பளத்துக்கு ஈடாக வேண்டும் என்றால் மாதம் தவறாமல் நான்கைந்து கடன் முடிய வேண்டும். மேலே நான் சொன்ன மாதிரிப் பத்திரங்கள் உள்ள ஊரில், முதல் வருடத்தில் அது நடக்காது. வரிப் பிடித்தம் 2 சதவீதம் போகும், பெட்ரோலும் உங்கள் செலவு. ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இல்லாமல் சம்பளத்தை விடாதீர்கள். அப்புறம், முழுநேரமாக வந்தால்தான் சேர்ப்பேன் என்கிறவரிடம் ஒரு விஷயம் கேளுங்கள்: கோடு அவர் பெயரில் இருக்கும்போது உங்கள் பாதியை என்றைக்குத் தருவார், எழுத்தில் தருவாரா? தயங்கினால் விட்டுவிடுங்கள், வேறு ஆள் கிடைப்பார்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு வலிக்கிறது. 2012-ல் நான் வீடு கட்ட 20 லட்சம் கடன் வாங்கினேன். வட்டி 10.5 சதவீதம். ஏஜெண்ட் என் மனைவி வழியில் சொந்தம், மிகவும் பணிவானவர். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம் கழித்து ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தால் முதலில் கொடுத்த கடன் தொகையே 21,10,000 என்று இருந்தது. காப்பீட்டுக்கான ஒற்றை பிரீமியம் 1,10,000 ரூபாயைக் கடனோடு சேர்த்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் கடன் கிடைக்காது என்று யாரும் சொல்லவில்லை, அதை எடுக்காமலும் இருக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அந்தத் தொகைக்கு மட்டும் மாதம் 1,100 ரூபாய் அளவுக்கு, இருபது வருடத்துக்கு. காப்பீடு கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். கடன் வாங்குகிறவன் இல்லாமல் போனால் குடும்பத்துக்கு அது வேண்டும். என்னிடம் கேட்டிருந்தால் தனியாக, மலிவாக எடுத்திருப்பேன். அந்தச் சொந்தக்காரரை இப்போதும் விசேஷங்களில் பார்க்கிறேன். பேச்சு இல்லை. உங்கள் அம்மா பயப்படுவது இதைத்தான்.

இன்றைக்கு ஒரு வசதி வந்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல் எல்லா சில்லறைக் கடனுக்கும், கடனின் முழு விலையைச் சொல்லும் ஒரு விவரத்தாளை வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்தால், அந்தத் தாளைக் கையெழுத்துக்கு நடுவில் செருகாமல், உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். மிதக்கும் வட்டிக் கடனை, அதாவது வட்டி ஏறி இறங்கும் கடனை, முன்கூட்டியே அடைத்தால் தனிநபருக்கு அபராதம் கிடையாது என்பதையும் சொல்லுங்கள். இதைச் சொன்னால் உங்கள் கமிஷன் ஒரு ரூபாய் கூடக் குறையாது.

சரி, உங்கள் மாமா. அவரை முதல் கஸ்டமராக நினைக்காமல் முதல் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். மனை 2018-ல் பதிவானது என்கிறீர்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவதற்கு 2016-லேயே தடை வந்தது. ஆனால் 2016 அக்டோபர் 20-க்கு முன் ஒருமுறை வீட்டுமனையாகப் பதிவான இடத்தை மறுபடி பதிய 2017-ல் வழிவிட்டார்கள். ஆகவே பத்திரம் பதிவாகியிருக்கிறது என்பதாலேயே மனை அப்ரூவ்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணோ, அங்கீகாரம் இல்லாத மனையை வரன்முறை செய்த உத்தரவோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வரன்முறை செய்ய இப்போது வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை, அதற்குப் பிறகுதான் கடன்.

மனை சரியாக இருந்தாலும் வயது இருக்கிறது. தொழில் செய்கிறவருக்குப் பொதுவாக 70 வயதுக்குள் கடன் தீர வேண்டும் என்பார்கள். பன்னிரண்டு வருடத்தில் 30 லட்சத்தை 8.5 சதவீதத்தில் அடைக்க மாதம் 33,300 ரூபாய் ஆகும். மளிகைக் கடை வருமானம் ஐ.டி. ரிட்டர்னில் அவ்வளவு தெரிகிறதா? மகனைக் கூட்டு விண்ணப்பதாரராகப் போட்டால் இருபது வருடம் கிடைக்கலாம், தவணை 26,000 ஆகக் குறையும். ஆனால் அந்தப் பையன் தனக்கென்று ஒரு கடன் கேட்கப் போகும்போது இதுவும் அவன் கணக்கில் நிற்கும். இது அவனுக்குத் தெரியுமா? 30 லட்சத்துக்கு வீடு கட்டத்தான் வேண்டுமா, 18 லட்சத்தில் கீழ்த்தளம் மட்டும் கட்டினால் ஆகாதா என்று மாமாவிடம் கேளுங்கள். அப்படிக் கேட்டால் உங்களுக்கு வருவதில் 2,400 ரூபாய் குறையும். கேட்க வாய் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ஒரு வருடம் கழித்து எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், வேலையை விடுவது பற்றி அப்போது பேசலாம்.

தை மாதம் கோவில் படைப்புக்கு நான் ஊருக்கு வருவேன். மாமாவின் பத்திர நகலையும் முப்பது வருட வில்லங்கச் சான்றையும் எடுத்து வையுங்கள். அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு படிப்போம்.