புற்றுநோய் ஊசிக்குப் பிறகு வாய்க்குள் வெள்ளைக் கோடுகள்: ஊசியை நிறுத்தலாமா?

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் ஊசி போடுகிறார்கள், நான்காவது ஊசிக்குப் பிறகு இரண்டு கன்னத்தின் உள்பக்கமும் வலை பின்னியது போல வெள்ளைக் கோடுகள், காரம் பட்டால் எரிகிறது, ஊசியை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். இது லைக்கன் பிளானஸ் (தோலிலும் வாய்க்குள்ளும் வரும் ஓர் அழற்சி நோய்) போன்ற அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் ஊசியைத் தொடர்ந்துகொண்டே இதைச் சமாளிக்க முடியும்.

ஏன் வருகிறது? நோயை எதிர்த்துப் போராடும் நம் டி செல்களின் (ஒருவகை வெள்ளையணுக்கள்) மேல் பிடி-1 என்றொரு பிரேக் இருக்கிறது. 1992-ல் ஜப்பானிய விஞ்ஞானி தசுகு ஹோன்ஜோவின் குழு அதைக் கண்டுபிடித்தது, 2018-ல் அவருக்கும் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் கிடைத்தது. பிடி-எல்1 என்ற புரதம் அதில் போய் ஒட்டினால் டி செல் அடங்கிவிடும். புற்றுநோய் செல்கள் இதைக் காட்டித்தான் தப்பிக்கின்றன, அந்த ஒட்டலைத்தான் ஊசி தடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், வாயின் உள்தோலும் இதே பிரேக்கை நம்பித்தான் இருக்கிறது. அங்கே அழற்சி கிளம்பினால் தோல் செல்கள் பிடி-எல்1-ஐ அதிகமாக்கி 'போதும், விடு' என்கின்றன. பிரேக் பிடிக்காத டி செல்லோ கேட்பதில்லை, உள்தோலின் அடியடுக்கைத் தாக்குகிறது. ஊசியே போடாதவர்களுக்கும் லைக்கன் பிளானஸ் வரும், அங்கும் தாக்குவது டி செல்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? சுத்தமான துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள்: தயிர்த் திப்பி போல உரிந்து வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், கோடுகள் அசையாமல் இருந்தால் லைக்கன் வகை. இது முதல் யூகத்துக்கு மட்டும்தான், முடிவு டாக்டருடையது, சந்தேகம் இருந்தால் சின்னதாகத் திசு எடுத்துப் பார்ப்பார். வழக்கமான முதல் மருந்து, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு: குளோபெட்டசால் ஜெல் அல்லது டெக்சாமெத்தசோன் வாய்க்கொப்பளிப்பு. போட்டபின் அரைமணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம். மருந்து பெரும்பாலும் வாயோடு நின்றுவிடுவதால் புற்றுநோய் சிகிச்சையில் பெரிதாகக் குறுக்கிடாது, ஆனால் பூஞ்சையை வரவழைக்கலாம், கவனம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைத் தூக்கிப் போடுங்கள்.

கொப்புளம், கண் சிவப்பு, உடம்பில் தோல் உரிதல், விழுங்கவே முடியாத வலி, இதில் எது வந்தாலும் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் அன்றே புற்றுநோய் டாக்டரைப் பாருங்கள். அப்புறம், பல் டாக்டரிடம் போகும்போது ஊசியின் பெயரை எழுதி எடுத்துப் போங்கள். ஊசி முடிந்து மாதங்கள் கழித்துக்கூட இது தலைகாட்டலாம் என்பதால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.