ரிப்பன் வாங்கிய ஸ்வாம்பர்ட் ஏன் தோற்றது?

விளையாட்டுப் பெட்டி: வாசகர் கேள்விகளும் அக்காவின் பதில்களும்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழலில் இருக்கும் என் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் வாயால் கேட்பதும், இந்தப் பகுதிக்குக் கடிதமாக வருவதும் இந்த மாதம் ஒரே விஷயம்தான்: போக்கிமான், அதாவது விதவிதமான ஜந்துக்களைப் பிடித்து, வளர்த்து, மோத விடுகிற வீடியோ விளையாட்டு. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

அக்கா, நானும் என் நண்பனும் போக்கிமான் ஸ்கார்லெட் விளையாடுகிறோம். இரண்டு பேரிடமும் கார்சாம்ப் என்ற ஜந்து 50-ஆம் நிலையில் இருக்கிறது. என்னுடையதன் வேகம் 122, அவனுடையது 169. என்னுடையது ஹார்டி குணம், அவனுடையது ஜாலி. நான் சண்டைக்கே அனுப்பாமல் அனுபவ மிட்டாய் ஊட்டியே வளர்த்தேன். அவன் ஏதாவது கள்ளத்தனம் செய்திருப்பானா?
*(பதினோராம் வகுப்பு மாணவர், கருங்கல்)*

இல்லை தம்பி, நண்பனைச் சந்தேகப்படாதே. அவன் கணக்குத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு வாழைத் தோட்டம் உண்டு. மட்டிக் கன்றுக்கு எவ்வளவு உரம் போட்டாலும் ஏத்தன் குலை தள்ளாது. அது இனம். ஒரே ஏத்தனிலும் ஒரு கன்று தடித்து வரும், ஒன்று சோணியாக வரும். அது பிறவி. பிறகு நாம் போடுகிற உரம். போக்கிமானிலும் இந்த மூன்றும் இருக்கின்றன. இனத்துக்கு உரிய அடிப்படை எண் கார்சாம்ப்பின் வேகத்துக்கு 102. அதை எந்தக் கார்சாம்ப்பாலும் மாற்ற முடியாது. பிறக்கும்போதே விழுகிற எண்ணை விளையாடுகிறவர்கள் ஐவி என்பார்கள். உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என்ற ஆறுக்கும் தனித்தனியாக 0 முதல் 31 வரை எதுவும் விழலாம். சண்டையில் சேருவது ஈவி. ஓர் எண்ணுக்கு 252, ஆறுக்கும் சேர்த்து 510. அதற்கு மேல் ஒரு சொட்டு ஏறாது.

இப்போது உன் 122-ஐப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படை எண்ணை இரட்டித்தால் 204. அதோடு பிறவி எண்ணையும், ஈவியில் நான்கில் ஒரு பங்கையும் கூட்ட வேண்டும். நிலை 50 என்பதால் பாதியாக்கி, பின்னத்தை விட்டுவிட்டு 5 சேர்க்க வேண்டும். மிட்டாயில் ஈவி கிடையாது, ஹார்டி குணம் எதையும் கூட்டாது, குறைக்காது. ஆகவே 122-இல் 5 போனால் 117. இரட்டித்தால் 234 அல்லது 235. அதில் 204-ஐக் கழித்துப் பார். உன் கார்சாம்ப்பின் பிறவி எண் 30 அல்லது 31! தடித்த கன்றைக் கையில் வைத்துக்கொண்டு உரமே போடாமல் விட்டிருக்கிறாய்.

நண்பன் செய்தது இது: 252 ஈவி, அதாவது 63. பிறவி எண் 31. 204, 31, 63 மூன்றும் சேர்ந்து 298. பாதி 149, அதோடு 5 சேர்த்தால் 154. ஜாலி குணம் வேகத்தை 10 சதவீதம் கூட்டும், அதனால் 169. அந்த 10 சதவீதத்துக்கு விலையாகச் சிறப்புத் தாக்குதலில் 10 சதவீதம் போய்விடும். கடித்துக் கிழிக்கிற கார்சாம்ப்புக்கு அதனால் நட்டமில்லை. மொத்தம் 25 குணங்கள், அவற்றில் ஐந்து ஒன்றும் செய்யாது. உன் ஹார்டி அந்த ஐந்தில் ஒன்று. 2019-இல் வந்த சோர்ட், ஷீல்டு விளையாட்டுகளிலிருந்து புதினா இலை கொடுத்துக் குணத்தின் பலனை மாற்றிக்கொள்ளலாம்.

பவர் ஆங்க்லெட் என்ற கால் காப்பைக் கட்டி, வேகத்துக்கு 1 ஈவி தருகிற காட்டு ஜந்துவோடு மோத விடு. ஜந்துவால் 1, காப்பால் 8, ஆக ஒரு சண்டைக்கு 9. இருபத்தெட்டு சண்டையில் சரியாக 252. ஒரு பஸ் பயணத்தில் முடிகிற வேலை. ஆனால் கூடவே பையில் இருக்கும் மற்ற ஐந்துக்கும் ஈவி ஏறும் என்பதை மறந்துவிடாதே. அவற்றை முதலில் விளையாட்டுக்குள் இருக்கும் சேமிப்புப் பெட்டியில் போட்டுவிடு.

பிறவியா பயிற்சியா, எது பெரிது? ஒரே வரியில் சொல்லவும்.
*(வாசகர், திங்கள்சந்தை)*

ஒரே எண்ணை எடுத்துக்கொண்டால் பயிற்சி. 100-ஆம் நிலையில் பிறவி தருவது 31, பயிற்சி தருவது 63. ஆறையும் கூட்டினால் பிறவி: 186-க்கு 127. இரண்டு வரி ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இதையெல்லாம் முதன்முதலில் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?
*(கல்லூரி மாணவி, குளச்சல்)*

உங்கள் ஊரில்தான், தோற்றுத் தெரிந்துகொண்டேன்.

2005-இல் குவைத்திலிருந்து வந்த அத்தான் எனக்கும் குளச்சல் சித்தி மகனுக்கும் ஆளுக்கொரு கேம்பாய் அட்வான்ஸும் போக்கிமான் எமரால்டு கேசட்டும் கொண்டுவந்தார். இருவரும் தொடக்கத்தில் ஒரே நீலக் குட்டியைத்தான் எடுத்தோம். அது வளர்ந்து ஸ்வாம்பர்ட் ஆனது. 50-ஆம் நிலையோடு நிறுத்திவிட்டு, கோடை விடுமுறை முடிவதற்குள் கேபிள் மாட்டி மோதுவது என்று ஒப்பந்தம்.

அந்த விளையாட்டில் பாதி உலகம் கடல். நான் ஸ்வாம்பர்ட்டின் முதுகில் ஏறி அந்தக் கடலெல்லாம் சுற்றினேன். வழி நெடுகிலும் டென்டகூல் என்ற சொறிமுட்டை. அடித்துத் தள்ளினேன். இடையிடையே விங்குல் என்ற கடற்காக்கை. அதையும் விடவில்லை. சித்தி மகனுக்கோ கடல் பிடிக்காது. கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளை, விளையாட்டில்கூடத் தண்ணீரில் இறங்கச் சோம்பல்பட்டுப் புல்வெளியிலேயே நின்று பூச்சியேனா, மைட்டியேனா என்று நாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்லேட்போர்ட் என்ற துறைமுக ஊரின் சந்தையில் ஒரு பெண் நிற்பாள். என் ஸ்வாம்பர்ட்டைப் பார்த்ததும் அதன் உழைப்பை மெச்சி ஒரு ரிப்பன் தந்தாள். சித்தி மகனின் ஸ்வாம்பர்ட்டுக்கு அன்றைக்கு அது கிடைக்கவில்லை. நான் சித்தியிடம், மாமியிடம், மீன் கொண்டுவந்த அம்மாவிடம் எல்லாம் ரிப்பனைக் காட்டினேன்.

மோதல் நடந்தது. முதலில் அடிக்கிற வாய்ப்பு எனக்கே கிடைத்தது, விங்குல் தந்த வேகம். அவனுக்குப் பாதி உயிர்கூடக் குறையவில்லை. திருப்பி அவன் விட்ட நிலநடுக்கம் என்னுடையதைத் தள்ளாட வைத்துவிட்டது; இரண்டாவது நடுக்கத்தில் முடிந்தது கதை. திரைகளை அருகருகே வைத்துப் பார்த்தோம். என் தாக்குதல் 122, அவனுடையது 154. ஒரே இனம், ஒரே நிலை. அன்று நான் சாப்பிடவில்லை.

பிறகு பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. டென்டகூல் ஒன்றை வீழ்த்தினால் சிறப்புத் தற்காப்புக்கு 1 ஏறும். விங்குல் என்றால் வேகத்துக்கு 1. பூச்சியேனா தாக்குதலுக்கு 1, மைட்டியேனா 2. நான் யாரோடு மோதினேன் என்பதை அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கிறது, காட்டத்தான் இல்லை. நிலநடுக்கமோ உடல்வழி அடி, அதற்கு முன்னால் என் சிறப்புத் தற்காப்பு வெயிலில் பிடித்த விசிறி. அந்த ரிப்பன் இருக்கிறதே, அது ஈவி 510 நிறைந்துவிட்டது, இனி இடமில்லை என்பதற்கான அறிவிப்பு. நான் அதைப் பரிசு என்று நினைத்து ஊரெல்லாம் காட்டியிருக்கிறேன்!

இந்த 510 வரம்பு 2002-இல் ரூபி, சஃபயரில் வந்தது. 1996-இல் வந்த முதல் விளையாட்டுகளில் பொறுமை இருந்தால் எல்லா எண்ணையும் நிரப்பிவிடலாம். வரம்பு வந்த பிறகுதான் பயிற்சி என்பது தேர்வாக மாறியது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, தோற்றவள் சொல்கிறேன்.

என் மகன் விளையாட்டில் நாள் முழுவதும் முட்டை பொரிக்க வைக்கிறான். குஞ்சு வந்ததும் ஒரு நொடி பார்த்துவிட்டு விட்டுவிடுகிறான். நூறு இருநூறு ஆகிவிட்டது. இது என்ன கிறுக்கு?
*(ஒரு தாய், தக்கலை)*

கிறுக்கில்லை அக்கா, அவன் ஆறு எண்ணும் 31 ஆக இருக்கிற குஞ்சைத் தேடுகிறான். சும்மா காட்டில் பிடித்தால் அப்படி ஒன்று 107 கோடிக்கு ஒரு முறைதான் வாய்க்கும். அதனால் முட்டை. தாய் தகப்பனில் ஒன்றின் கையில் டெஸ்டினி நாட் என்ற சிவப்புக் கயிற்றைக் கொடுத்தால் இருவரின் பன்னிரண்டு எண்களில் ஐந்து குஞ்சுக்கு இறங்கும். நல்ல பெற்றோரை மாற்றி மாற்றிச் சேர்ப்பான். நம் மாட்டுக்காரர்கள் செய்வதுதான்.

ஆனால் அவனிடம் ஒன்று சொல்லுங்கள். 2016-இல் வந்த சன், மூன் விளையாட்டுகளிலிருந்து பாட்டில் மூடி ஒன்றைக் கொடுத்தால் குறைந்த எண்ணையும் 31-க்குச் சமமாக்கித் தருகிறார்கள். வெள்ளி மூடிக்கு ஓர் எண், தங்க மூடிக்கு ஆறும். அன்று 100-ஆம் நிலை வேண்டியிருந்தது, ஸ்கார்லெட்டில் 50 போதும். குஞ்சுக்கு மட்டும் அது இறங்காது, பிறவி எண் உள்ளே அப்படியே இருக்கும். அவன் வேண்டுமென்றே வேகம் 0 உள்ள குஞ்சைத் தேடுகிறான் என்றால் அதுவும் சரிதான். மெதுவானது முதலில் அடிக்கிற டிரிக் ரூம் என்ற வித்தைக்கு அப்படித்தான் வேண்டும். மூடியால் ஏற்ற முடியும், இறக்க முடியாது.

சாப்பாட்டு நேரத்தில் பெட்டியை வாங்கி வைத்துவிடுங்கள். முட்டை கெட்டுப்போகாது.

'போக்கிமான் கோ' என்ற கைபேசி விளையாட்டில் ஒரு நட்சத்திரம்கூட இல்லாதவற்றை எல்லாம் தள்ளிவிடலாமா? கடற்கரையில் நடந்து நடந்து பெட்டி நிறைந்துவிட்டது.
*(வாசகர், கன்னியாகுமரி)*

தள்ளாதீர்கள், ஒரு முறை பாருங்கள். அங்கே மூன்று எண்கள்தான், ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. ஈவி என்ற பேச்சே இல்லை. மூன்றும் 15 என்றால் நான்கு நட்சத்திரம். ஆனால் 1500 சிபிக்கு (மொத்த வலுவைக் காட்டும் எண்) மேல் நுழைய முடியாத கிரேட் லீக் என்ற போட்டியில் கதை தலைகீழ். சிபி கணக்கில் தாக்குதலுக்குக் கனம் அதிகம். தாக்குதல் எண் குறைந்து மற்ற இரண்டும் உயர்ந்திருந்தால் அதே 1500-க்குள் கூடுதல் உடம்பு கிடைக்கும். தாக்குதல் 0, மற்றவை 15 என்று ஒன்று கிடைத்தால் அது இரண்டு நட்சத்திரம்தான் காட்டும். அதைத் தூக்கி எறிந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

நிலையை ஏற்றுகிற ரேர் கேண்டி மிட்டாயைக் கொடுத்தால் போக்கிமான் பலவீனமாகிவிடுமா?
*(வாசகர், அருமனை)*

ஆகாது. அதில் ஈவி இல்லை, அவ்வளவே. இப்போதைய விளையாட்டுகளில் முதலில் மிட்டாய், பிறகு சண்டை என்றாலும் சரிதான்.

தப்பாக ஏறிவிட்ட ஈவியை இறக்க வழி உண்டா? எமரால்டுதான் விளையாடுகிறேன்.
*(ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, குலசேகரம்)*

உண்டு அண்ணா, எமரால்டிலேயே உண்டு. கெல்ப்சி பெர்ரி தாக்குதலை இறக்கும், டமாட்டோ பெர்ரி வேகத்தை, கிரெபா பெர்ரி சிறப்புத் தற்காப்பை. ஒரு பழத்துக்கு 10 இறங்கும், கூடவே உங்கள் மேல் அதற்குப் பாசமும் கூடும். 252-ஐத் துடைக்க 26 பழம். நட்டு, தண்ணீர் ஊற்றி, பறிக்க வேண்டும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கேசட் என்றால் முதலில் உள்ளே இருக்கும் பேட்டரியைப் பாருங்கள். அது தீர்ந்திருந்தால் விளையாட்டில் கடிகாரம் நின்றுவிடும், நட்ட பெர்ரி முளைவிடாது. சேமித்தது அழியாது, பயப்பட வேண்டாம். சிஆர் 1616 என்ற சின்ன வட்டப் பேட்டரி, பற்றவைத்துத்தான் மாற்ற வேண்டும். கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன். என்னுடையதும் தீர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஸ்வாம்பர்ட் ரிப்பனோடு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதற்கு மட்டும் இன்னும் நேரம் வரவில்லை.