மாடி எவ்வளவு உயரலாம்? விமானப் பாதை பற்றி வாசகர் கேள்விகள்

எங்கள் தெருவில் ஸ்டில்ட்டுக்கு மேல் 13 மாடி எழும்புகிறது. விமானங்கள் அதை உரசிக்கொண்டு போவதுபோல் தெரிகிறது. ஆபத்தா, இல்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, பல்லாவரம்

கண்ணை நம்பாதீர்கள். சாதாரணமாக விமானம் 3 டிகிரி சரிவில் இறங்குகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 52 மீட்டர் இறக்கம். சக்கரம் தரை தொடும் இடம் ஓடுபாதை முனையைத் தாண்டி உள்ளே இருப்பதால், முனைக்கு 2 கி.மீ. முன்னால் அது தரையிலிருந்து ஏறக்குறைய 120 மீட்டர் உயரத்தில் இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்த இடைவெளி பிடிபடாது.

கணக்கு கடல் மட்டத்திலிருந்து தொடங்குகிறது. மீனம்பாக்கம் விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 16 மீட்டர். இறங்கும், ஏறும் பாதைகளுக்கு வெளியே, 4 கி.மீ. தூரத்துக்குள் பொதுவான வரம்பு அதற்கு மேல் 45 மீட்டர். ஆக, கட்டடத்தின் உச்சி 61 மீட்டரைத் தாண்டக் கூடாது. உங்கள் தெருவின் தரைமட்டம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 46 மீட்டர். தளத்துக்கு 3 மீட்டர் வீதம் ஸ்டில்ட்டும் 13 மாடியும் சேர்ந்து 42. தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் லிஃப்ட் ரூம், தண்ணீர்த் தொட்டி இரண்டுக்கும் இன்னொரு 5 மீட்டர் போகும். வரம்பு 1 மீட்டர் மீறப்பட்டாயிற்று. இடிதாங்கிக் கம்பியும் உயரத்தில்தான் சேரும்.

சென்னையில் இன்னொரு சிக்கல் உண்டு. வெள்ளத்துக்குப் பயந்து மனையை மண் கொட்டி உயர்த்துகிறோம். விமான நிலைய ஆணையம் தரும் தடையில்லாச் சான்றில் அனுமதிப்பது உச்சியின் கடல் மட்ட உயரத்தை. தரை 1 மீட்டர் ஏறினால் கட்டடம் 1 மீட்டர் குறைய வேண்டும். இதைப் பல பில்டர்கள் விட்டுவிடுகிறார்கள். செல்போன் காட்டும் உயரமும் உதவாது, பல மீட்டர் பிசகும். சர்வேயரை வைத்து அளந்தால்தான் உண்டு.

மீறல் இருப்பதாகத் தெரிந்தால் மனையின் அட்சரேகை, தீர்க்கரேகையுடன் விமான நிலைய இயக்குநருக்கு எழுதுங்கள். கட்டி முடிவதற்குள் எழுதுவது முக்கியம். மாடியைக் குறைக்கச் சொல்வது அப்போதுதான் எளிது. டவர் கிரேன் கட்டடத்தைவிட உயரமாக நிற்கும், அதற்கும் வரம்பு பொருந்தும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

சேலம் விமான நிலையம் பக்கம் எங்களுக்கு நிலம் இருக்கிறது. அங்கே வந்துபோகிற விமானங்கள் கொஞ்சம்தான். 8 மாடி கட்டினால் என்ன குறைந்துவிடப் போகிறது?
– வாசகர், வேளச்சேரி

வரம்பை நிர்ணயிப்பது ஓடுபாதை. விமானங்களின் எண்ணிக்கைக்கு அதில் பங்கே இல்லை. சொல்லப்போனால், சின்ன நிலையத்தில்தான் கட்டடம் அதிகம் உறுத்தும்.

உங்கள் நிலம் ஓடுபாதையின் நேர்க்கோட்டில் 1 கி.மீ. தள்ளி, ஓடுபாதையின் அதே மட்டத்தில் இருப்பதாகக் கொள்ளுங்கள். முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தொடங்கி நூற்றுக்கு 2 என்ற சாய்வில் உயரும், கட்டடம் தாண்டக் கூடாத கற்பனைப் பரப்பு அங்கே 19 மீட்டரில் இருக்கும். தொட்டியோடு உங்கள் 8 மாடி 28 மீட்டர். அதாவது 9 மீட்டர் அதிகம். அதை ஈடுகட்ட, தரையிறங்கும் முனையை 450 மீட்டர் உள்ளே தள்ள வேண்டிவரும். சேலம் ஓடுபாதையின் நீளமே சுமார் 1,800 மீட்டர்!

புறப்படும்போது நிலைமை இன்னும் கடினம். இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனாலும், மற்றதை வைத்துக்கொண்டு தடையைத் தாண்டிப் போக வேண்டும். அந்த நிலையில் ஏறுதிறன் நூற்றுக்கு 2.4 இருந்தால் போதும் என்பதே விதி. அவ்வளவு மெலிதான ஏற்றம் அது. எதிரே கட்டடம் இருந்தால் விமானம் எடையைக் குறைத்துத்தான் கிளம்ப முடியும், பயணிகளை இறக்கிவிட்டுக்கூட. அப்படி ஆனால் அந்த ஊருக்குச் சேவையே கட்டுப்படியாகாமல் போகலாம்.

மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டு உயரக் கட்டுப்பாட்டு விதிகள் சின்ன நிலையங்களுக்கும் பொருந்தும். நிலம் ஓடுபாதையின் நேர்க்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளி இருந்தால் 8 மாடிக்குத் தடை இல்லாமலும் இருக்கலாம்.

விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்றை பில்டர் காட்டுகிறார். உச்சியில் சிவப்பு விளக்கும் போடுவாராம். நம்பி ஃபிளாட் வாங்கலாமா?
– வாசகர், சேலையூர்

தாம்பரம் விமானப்படைத் தளம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. விமானப்படையின் சான்றையும் தனியாகக் கேளுங்கள். சிவப்பு விளக்கு இரவில் கட்டடத்தை அடையாளம் காட்டத்தான், கூடுதல் மாடிக்கு அது அனுமதி ஆகாது. சான்றிலுள்ள அட்சரேகை, தீர்க்கரேகை உங்கள் மனையுடையதுதானா, அனுமதித்த உச்சி உயரம் பிளானோடு ஒத்துப்போகிறதா, காலாவதித் தேதி எப்போது என்ற மூன்றையும் சரிபார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.