பொன்மலையும் ஒரு அலமாரியும்

அன்புள்ள ஐயா,

திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன் நான். இப்போது பெங்களூரில் வேலை. ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தெலுங்கர், மலையாளிகள், ஆங்கிலோ இந்தியர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் சாதி மதம் பார்க்காமல் ஒரே குடும்பமாக வாழ்ந்த குட்டி இந்தியா அது. இந்தச் சமூகங்களை எந்த வரிசையில் எழுதலாம்? 1753-இல் அங்கே நடந்த போரிலிருந்து தொடங்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

போரை விடுங்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பாறைக்காக அடித்துக்கொண்டதற்கும் உங்கள் காலனிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வரிசை உங்கள் பாடு. அந்தக் 'குட்டி இந்தியா'வை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை. அத்தையின் பழைய அலமாரியை யாருக்குக் கொடுப்பது என்று சென்ற வாரம்தான் வீட்டில் பேச்சு எழுந்தது. அதுவும் உங்கள் ஊர்ச் சரக்குதான்.

மாமா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். எதிர்ச்சாரியில், அவர்கள் குவார்ட்டர்ஸைப்போல இரண்டு மடங்கு பெரிய வீட்டில் ஆங்கிலோ இந்திய ஃபோர்மன் ஒருவர் இருந்தார். ரயில்வேயில் அவர்களுக்கிருந்த தனி ஒதுக்கீட்டை அரசியலமைப்பின் 336-ஆம் பிரிவு படிப்படியாகக் குறைத்து 1960-இல் நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பினார். சாமான்களை விற்றபோது அத்தை வாங்கியது இறைச்சி வைக்கும் கம்பிவலை அலமாரி. எறும்பு ஏறாமலிருக்க நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம். அத்தை அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் வற்றல் டப்பாக்களை உள்ளே வைத்தாள். அதே அத்தைதான் ஃபோர்மன் மனைவி வண்டி ஏறியபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதவள். உங்கள் கட்டுரையில் அந்த அழுகை வரும், மஞ்சள் தண்ணீர் வராது. அதுதான் என் சண்டை.

பக்கத்து வீட்டில் யார் என்பதைக் காலனியில் முடிவுசெய்தது சம்பளக் கிரேடு. அதை நல்லிணக்கம் என்று நினைத்துக்கொண்டீர்கள். ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலிசெய்தாக வேண்டும். மாமா காலிசெய்த அன்று ஒருவர் வந்து குழாய், பல்பு ஹோல்டர், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துக்கொண்டார். அத்தை வைத்து வளர்த்த முருங்கை அந்தக் கணக்கில் இல்லை. முப்பது வருடம் இருந்தும் சொந்தமென்று ஒரு செங்கல் கிடையாது. பிறகு பொன்மலைப்பட்டி, கல்கண்டார்கோட்டைப் பக்கம் மனை பார்க்கப் போனபோது மாமா தரகரிடம் கேட்ட முதல் கேள்வி: "நம்ம ஆளுங்க யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா?" சாதி எங்கும் போகவில்லை தம்பி, குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுக்கும்வரை பொறுத்திருந்தது. ஊரைப் பற்றி எழுதுவதென்றால் ஆட்கள் சொந்தக் காசில் எங்கே போய் வீடு கட்டினார்கள் என்று பாருங்கள். தெருத்தெருவாகப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு ஓட்டை. நாகப்பட்டினத்துப் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றியபோதே தேர்வு வைத்து ஆட்குறைப்பு செய்யப் பார்த்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1928 வேலைநிறுத்தம் அதனால்தான். கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலர் அதற்காகச் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5-இல் வேலைநிறுத்தத்தின்போது பொன்மலையில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் ஐந்து பேர் செத்தார்கள். அங்கேயே வளர்ந்த உங்களுக்கு இது ஒரு வரிக்குக்கூடத் தேறவில்லையா? சாதி பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இடம்தான் வேண்டுமென்றால் முதலில் தொழிற்சங்கக் கூட்டம் நடக்கும் சங்கத் திடலுக்குப் போங்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக் பரிமாறிய மாதிரிக் கதைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதுங்கள், நீங்கள்தான் எழுத வேண்டும். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் உட்கார்ந்து, ரிட்டயர் ஆனபின் மனையை ஏன் அங்கே வாங்கினார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை மாற்றாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள்.