பாதுகாப்பு அச்சுறுத்தல்னு பிஎச்டி டாபிக் எடுத்தாச்சு, டேட்டாவுக்கு எங்க போறது?

கேள்வி: வணக்கம் மேடம். மதுரைப் பக்கம் ஒரு காலேஜ்ல பார்ட் டைம் பிஎச்டி பண்றேன். டாபிக் "நவீன பாதுகாப்பு அச்சுறுத்தல்களும் நெருக்கடி மேலாண்மையும்". கைடு ஓகே சொல்லிட்டார். ஆனா சினாப்சிஸ் எழுத உக்காந்தா தீவிரவாதம், சைபர், ட்ரோன், தொற்றுநோய்னு எல்லாமே உள்ள வந்துடுது. போலீஸ்லயும் சரி ஆஸ்பத்திரிலயும் சரி யாரும் பேச மாட்டேங்கறாங்க. ஆர்டிஐ போட்டேன், தர முடியாதுன்னு ஒரே வரில பதில். டாபிக்க மாத்திடவா?

பதில்: மாத்த வேணாம்மா, சுருக்குனா போதும். இப்ப நீங்க வச்சிருக்கறது ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு வைக்கற பேரு, டாபிக் இல்ல. அத அப்படியே எழுதுனா முதல் சாப்டர் தீவிரவாதம், ரெண்டாவது சைபர், மூணாவது கொரோனானு ஒரு போட்டித் தேர்வு கைடு மாதிரி வரும், வைவால "இதுல நீங்களா கண்டுபிடிச்சது என்னம்மா?"ன்னு கேப்பாங்க, அங்க முழிக்கணும். என் முதல் பேப்பரும் இந்த லட்சணத்துலதான் இருந்துச்சு, ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க.

அச்சுறுத்தல்ங்கற பாதிய விட்டுடுங்க. அது உளவுத்துறை ஆளுங்க வேலை, நமக்கு உள்ள போக வழியும் கிடையாது. நெருக்கடிங்கற பாதியப் புடிங்க. யூரியல் ரோசன்தால்னு ஒரு நெதர்லாந்து அறிஞர், அவர் காலத்துலேர்ந்து நெருக்கடிக்குச் சொல்ற அடையாளம் மூணு: பெருசா ஏதோ பறிபோகப் போகுது, யோசிக்க நேரம் இல்ல, என்ன நடக்குதுன்னும் தெளிவாத் தெரியல. இந்த மூணும் ஒண்ணா நிக்கறப்ப யாரு யார்கிட்ட பேசுனாங்க, என்ன முடிவெடுத்தாங்க, அத மட்டும் பாருங்க. அதுலயும் ஒரு கேள்விய நான் பல வருஷமா விடாம பாத்துக்கிட்டிருக்கேன், வேணும்னா எடுத்துக்கோங்க: எச்சரிக்கை முன்னாடியே வந்துடுச்சு, அப்புறமும் ஏன் ஒண்ணும் நடக்கல?

இதுக்கு டேட்டா கொட்டிக் கிடக்கு, ஆனா நீங்க கேட்டுப் போன கவுன்ட்டர்ல இல்ல. பெரிய சம்பவம் நடந்தா பின்னாடியே ஆடிட், கமிஷன், கமிட்டின்னு ஏதாவது ஒண்ணு வரும், அந்த ரிப்போர்ட்ட வரி வரியாப் படிக்கறதுதான் உங்க ஃபீல்டு ஒர்க். உதாரணத்துக்கு, கம்ப்யூட்டரப் பூட்டி வச்சுட்டுப் பணம் கேக்கற வைரஸ் தாக்குதலான வானாக்ரை, பிரிட்டன்ல நடந்தது. 2017 மே 12, வெள்ளிக்கிழமை, அங்க அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ல கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல திடீர்னு 300 டாலர் பிட்காயின்ல கட்டுன்னு மெசேஜ். அதே அக்டோபர்ல அந்த ஊர் தணிக்கை அலுவலகம் ரிப்போர்ட் போட்டாங்க, இன்னைக்கும் இலவசமா டவுன்லோட் பண்ணலாம். அதையும் வேற பொது ஆவணங்களையும் வச்சுக்கிட்டு ஒரு எக்செல் ஷீட் திறங்க. தேதி, யாருக்குத் தெரியும், யாருக்குச் சொன்னாங்க, என்ன செஞ்சாங்க, எந்தப் பக்கத்துல இருக்கு, இந்த அஞ்சு கட்டம் போதும்.

மார்ச் 14, வைரஸ் பின்னாடி நுழைஞ்ச விண்டோஸ் ஓட்டைய அடைக்கற பாட்ச்ச மைக்ரோசாஃப்ட் வெளியிட்டாச்சு. மார்ச் 17, ஏப்ரல் 28, ரெண்டு தடவ என்எச்எஸோட ஐடி அமைப்பான என்எச்எஸ் டிஜிட்டல், ஆஸ்பத்திரிகள நடத்தற டிரஸ்ட்டுகளுக்கு அவசர எச்சரிக்கை அனுப்பிருக்கு. மே 12 சாயந்தரம் 4 மணிக்கு பெரும் சம்பவம்னு அறிவிக்கறாங்க. நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு மாசம் உங்க ஷீட்டுல 'என்ன செஞ்சாங்க' கட்டம் வெறும் வெள்ளையா நிக்கும் பாருங்க, அந்த வெள்ளைதான் உங்க தீசிஸ். எச்சரிக்கை எந்த மேஜைல உக்காந்துச்சு, பாட்ச் போடணும்னா ஸ்கேன் மெஷினோட இணைஞ்ச கம்ப்யூட்டர நிறுத்தணும், அத நிறுத்தச் சொல்ற அதிகாரம் யாருக்கு, ஐடி ஆளுக்கா டாக்டருக்கா, போட்டாங்களா இல்லையான்னு மேல இருக்கறவங்க எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க? கடைசிக் கேள்விக்கு அந்த ரிப்போர்ட்லயே பதில் இருக்கு, தெரிஞ்சுக்க முறையான ஏற்பாடே இல்ல.

அப்புறம் எண்ணிக்கை. 2018-ல திருத்துன கணக்குப்படி 236 டிரஸ்ட்ல குறைஞ்சது 80 பாதிப்புன்னு எல்லாரும் எழுதிட்டுப் போயிடுவாங்க, நீங்க அதப் பிரிச்சுப் பாருங்க. 34 டிரஸ்ட்லதான் வைரஸ் ஏறி கம்ப்யூட்டர் பூட்டுச்சு, மீதி 46 டிரஸ்ட்ல வைரஸே ஏறல, ஆனாலும் வேலை தடுமாறுச்சு. மேலேர்ந்து சரியான தகவல் வந்து சேரல, நாமளே முந்திக்குவோம்னு இமெயில், சர்வர் எல்லாத்தையும் அணைச்ச இடங்களும் இதுல உண்டு. அணைச்சப்புறம் மேலேர்ந்து வர்ற மெயில எதுல படிக்கறது? சொந்த ஃபோன்ல வாட்சப்ல பேசிக்கிட்டாங்க. நெருக்கடித் திட்டம்னு ஒண்ணு பேப்பர்ல இருந்துச்சு, ஆனா உள்ளூர் அளவுல ஒரு தடவகூட ஒத்திகை பாக்கல. இந்த ஒரு பத்தியிலேர்ந்தே ஒரு சாப்டர் வரும்மா, நிஜமாத்தான் சொல்றேன்.

இங்கதான் நிறைய பேர் கவுந்துடறாங்க. முடிவு தெரிஞ்சப்புறம் பாக்கறதால நமக்கு அந்த ரெண்டு எச்சரிக்கையும் சிவப்பு லைட் மாதிரி பளிச்சுனு தெரியுது, ஆனா அந்த வருஷம் அதே ஐடி ஆளுக்கு இன்னும் எத்தன எச்சரிக்கை வந்து சும்மா போச்சுன்னு யாரும் எண்ணிப் பாக்கறதில்ல, அதனால பாதிக்கப்படாத அந்த 156 டிரஸ்ட்டையும் உள்ள கொண்டு வாங்க, அவங்களுக்கும் அதே எச்சரிக்கைதானே போச்சு. சில பேர் பாட்ச் போட்டிருந்தாங்க, ஃபயர்வால் ஒழுங்கா வச்சிருந்தாங்க. சில பேர் வெறும் அதிர்ஷ்டம். அன்னைக்கு சாயந்தரம் ஒரு ஆராய்ச்சியாளர் அந்த வைரஸ் தேடிப் போற ஒரு வெப் முகவரிய வாங்கிப் பதிவு பண்ண, அதோட பரவறது அடங்குச்சு. அதனால தப்பிச்சவங்கள எல்லாம் சிறந்த நிர்வாகம்னு எழுதிடாதீங்க. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அங்கதான் கை வைப்பார்.

ஒப்பிட ரெண்டாவது கேஸ் வேணும்னா இலங்கை 2019 ஈஸ்டர் தாக்குதல். நம்ம மொழி பேசறவங்களும் செத்துப்போன சம்பவம், படிக்க மனசு கனக்கும், ஆனா இந்தக் கேள்விக்கு நேரா பொருந்தும். ஏப்ரல் 4-ஆம் தேதியே வெளிநாட்டு உளவுத் தகவல் வந்துடுச்சு, 9-ஆம் தேதி போலீஸ் தலைவருக்குக் கடிதம் போச்சு, 21-ஆம் தேதி குண்டு. நாடாளுமன்றத் தெரிவுக்குழு அறிக்கை இருக்கு, 2023 ஜனவரில அங்க உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதிய 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்ன தீர்ப்பும் இருக்கு. வைரஸையும் குண்டையும் எப்படி ஒப்பிடறதுன்னு கைடு கேப்பார். ஒப்பிடறது தாக்குதல இல்ல சார், கடிதம் போன பாதையனு சொல்லுங்க.

நம்ம நாட்டுக் கேஸ்தான் வேணும்னா டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரில நடந்த சைபர் தாக்குதல், 2022 நவம்பர் 23. ஓபி சீட்டுலேர்ந்து எல்லாம் கையால எழுத வேண்டிய நிலை. ஆனா அங்க பிரிட்டன் மாதிரி முழு ரிப்போர்ட் கைக்கு வராது, பார்லிமென்ட் பதில்கள்லதான் துண்டு துண்டா பொறுக்கணும். அஞ்சு சர்வர் பாதிப்பு, சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டிக்கிச்சுன்னு மாநிலங்களவைல பதில் சொல்லிருக்காங்க, கேள்வி பதில் எல்லாம் அவங்க வெப்சைட்லயே கிடைக்கும். ஆர்டிஐ ஏன் திரும்புச்சுன்னா, ஒண்ணு சில வகைத் தகவலுக்கு விலக்கு தர்ற 8-ஆம் பிரிவக் காட்டிருப்பாங்க, இல்லன்னா சில பாதுகாப்பு அமைப்புகளையே விலக்கி வைக்கற 24-ஆம் பிரிவு. நம்ம சைபர் அவசர அமைப்பான செர்ட்-இன்னயே 2023 நவம்பர்ல அந்த விலக்குப் பட்டியல்ல சேத்துட்டாங்க. "பாதுகாப்பு ஏற்பாடு என்ன?"ன்னு கேட்டா வராது. "2022-ல எத்தன தடவ நெருக்கடி ஒத்திகை நடந்துச்சு, தேதி மட்டும் குடுங்க"ன்னு மாவட்ட நிர்வாகத்துகிட்ட கேட்டுப் பாருங்க, வர வாய்ப்பு ஜாஸ்தி.

நேர்காணலும் இதே கதைதான். "உங்க சைபர் செக்யூரிட்டி எப்படி இருக்கு?"ன்னா கதவ சாத்திடுவாங்க. ரிட்டயர் ஆன நர்ஸ், ரெக்கார்ட் ரூம் கிளார்க் இவங்களப் புடிச்சு, "சிஸ்டம் படுத்த அன்னைக்கு பேஷன்ட் பேர எதுல எழுதுனீங்க?"ன்னு கேளுங்க. என் ஸ்டூடண்ட் ஒருத்தி இப்படிக் கேட்டப்ப ஒரு அம்மா பீரோவத் திறந்து பழைய நோட்டையே எடுத்துக் காட்டிட்டாங்க, மருந்துச் சீட்டுப் பின்னாடி எழுதி ஸ்டேப்ளர் போட்டு ஒட்டுனது. பேஷன்ட் பேரு இருந்ததால அத ஃபோட்டோ எடுக்க வேணாம்னு தடுத்தேன், பாத்ததக் குறிப்பா எழுதிக்கிட்டா போதும். போறதுக்கு முன்னாடி காலேஜ் எத்திக்ஸ் கமிட்டில ஒப்புதல் வாங்கிடுங்க, ஆளுங்க பேருக்குப் பதிலா நம்பர் போடுங்க, எந்த ஊர் எந்த ஆஸ்பத்திரின்னும் தெரியக் கூடாது.

இன்னொண்ணு, ஆர்வக் கோளாறுல எந்த ஆஸ்பத்திரி வெப்சைட்டயும் "ஓட்டை இருக்கான்னு பாக்கறேன்"னு நோண்டிடாதீங்க. அனுமதி இல்லாம உள்ள நுழைஞ்சா ஐடி சட்டம் 43, 66 பிரிவுல கேஸ் ஆகும், பிஎச்டிக்காகன்னு சொன்னா விட மாட்டாங்க. ஷீட்டுல முதல் இருபது வரி நிரம்புனதும் கைடுகிட்ட காட்டுங்க, சினாப்சிஸ அப்புறம் எழுதிக்கலாம்.