மட்டம் என்று சொல்ல எத்தனை சொற்கள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், தரம் குறைந்தவற்றைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். சரக்கில் எந்தக் குறை இருந்தாலும் அறிக்கையில் 'பேட் குவாலிட்டி' என்றே எழுதிவருகிறேன். மேலதிகாரி சொல்லை மாற்றச் சொல்கிறார். புவர், இன்ஃபீரியர், சப்ஸ்டாண்டர்ட் மூன்றும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. அறிக்கை எழுதும் கை இவற்றை மாற்றி மாற்றிப் போடவே கூடாது.

சப்ஸ்டாண்டர்ட் என்று எழுத வேண்டுமானால், முன்கூட்டியே எழுதிவைத்த ஓர் அளவு இருக்க வேண்டும். ஒரு சட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று ஒப்பந்தம் சொல்கிறது. தோள் மூட்டில் எண்ணிப் பார்த்தால் ஏழுதான் இருக்கிறது. இது சப்ஸ்டாண்டர்ட். எண்ணிக் காட்டிவிடலாம் என்பதால் யாரும் மறுக்க முடியாது.

அதே சட்டையின் துணி, ஒப்புதலுக்குக் கொடுத்த மாதிரியைவிட மெல்லியதாக இருக்கிறது, ஒரே சலவையில் வெளுக்கிறது என்றால் அது இன்ஃபீரியர். லத்தீனில் இந்தச் சொல்லுக்கு 'இன்னும் கீழே உள்ளது' என்று பொருள். ஒப்பீடு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எனவே 'மோர் இன்ஃபீரியர்' என்று எழுதுவது பிழை. பின்னால் 'விட' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் 'தேன்' போடுவதும் பிழை. 'டு' போட வேண்டும். 'இன்ஃபீரியர் டு த அப்ரூவ்டு சாம்பிள்' என்று எழுதினால், எதைவிட மட்டம் என்பது படிப்பவருக்கு உடனே விளங்கும். எதைவிட என்று சொல்லாமல் வெறுமனே இன்ஃபீரியர் என்று எழுதுபவர் பாதி வாக்கியத்தைத்தான் எழுதியிருக்கிறார்.

புவர் பொதுவான சொல். 'புவர் ஸ்டிச்சிங்', 'புவர் ஃபினிஷ்' என்று குறை இருக்கும் இடத்தோடு சேர்த்து எழுதினால் நன்றாகவே வேலை செய்யும்.

இதை நான் இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட அறிக்கைகளைத் திருத்திக்கொடுப்பது என் தொழில். ஒருமுறை ஒரு சரக்கைப் பற்றி ஆய்வாளர் ஒருவர் 'ஷாடி' என்று எழுதி அனுப்பிவிட்டார். சாயம் மாதிரியிலிருந்து ஒரு சாயல் தள்ளியிருந்தது, குறை அவ்வளவுதான். அந்தச் சட்டைகளில் ஒன்றை நானே புரட்டிப் பார்த்தேன். பொத்தான் துளைகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. உள்பக்கம்கூட ஒரு நூல் தொங்கவில்லை. ஆனால் ஷாடி என்பது வேலை செய்தவரைக் குற்றம் சொல்லும் சொல். வாங்குபவர் அதைப் படித்துவிட்டுத் தையல் கூலியில் கை வைத்தார். சாயக்காரர் செய்த குறைக்குத் தையல்காரர் தண்டம் கட்டினார். ஒரு பெயரடை ஒருவருடைய கூலியைப் பறிக்கும் என்பதை அன்று கண்ணால் கண்டேன். அதனால்தான் சொல்கிறேன்: தரக்குறைவைச் சொல்லும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் யாரையோ, எதையோ குறிவைக்கிறது. குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: பழைய அகராதி ஒன்றில் 'ஷாடி' என்பதற்கு ஒருவகைக் கம்பளித் துணி என்று பொருள் போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. துணியின் பெயர்தான் முதலில் வந்தது. வசை பிறகு வந்தது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் பேட்லி என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெஞ்சமின் லா என்பவர் 1813-ஆம் ஆண்டு வாக்கில், கந்தலான கம்பளித் துணிகளைக் கிழித்து நாராக்கி, அதோடு கொஞ்சம் புதுக் கம்பளியைக் கலந்து மறுபடி நூற்று நெய்யும் வழியைக் கண்டுபிடித்தார் என்பது வரலாறு. அந்த நாருக்கும் துணிக்கும் ஷாடி என்று பெயர். பல் பதித்த உருளைகளுக்கு நடுவே கந்தலைக் கொடுத்தால் நார் நாராகப் பிரிந்து வரும். அப்போது பறக்கும் தூசியால் தொழிலாளர்களுக்கு வந்த நோய்க்கும் 'ஷாடி ஃபீவர்' என்றே பெயர் வைத்தார்கள். தூக்கிப்போட வேண்டிய கந்தல் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் மேலங்கியாக மாறியது. அந்த வட்டாரமே அதனால் பிழைத்தது.

இன்று அதையே செய்தால் மறுசுழற்சி என்று பாராட்டுவார்கள். ஆனால் 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது நிலைமை மாறியது. வடக்குப் படைக்கு அவசரமாகச் சீருடை தேவைப்பட்டது. ஒப்பந்தக்காரர்கள் சிலர் மிக மோசமான ஷாடித் துணியில் தைத்துக் கொடுத்துப் பணம் பண்ணினார்கள். நாரின் நீளம் குறையக் குறைய நூலின் பிடிப்பும் குறையும். அந்தச் சீருடைகள் மழையிலும் நடையிலும் பிய்ந்துபோயின. செய்தித்தாள்கள் கொதித்தன. துணியின் பெயர் ஏமாற்று வேலையின் பெயராகிவிட்டது.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. ஏமாற்றியவர்கள் ஒப்பந்தக்காரர்கள். கெட்ட பெயர் மட்டும் கந்தலைத் துணியாக்கியவர்களின் சரக்குக்கு நிலைத்துவிட்டது.

இன்றைய ஆங்கிலத்தில் ஷாடி என்றால் ஏனோதானோ என்று செய்த வேலை, அக்கறை இல்லாமல் முடித்த வேலை. 'ஷாடி வொர்க்மன்ஷிப்' என்பது மிகவும் பழகிய சேர்க்கை. மனிதர்களை நடத்தும் விதத்துக்கும் சொல்லலாம்: 'ஷாடி ட்ரீட்மென்ட்'.

கேள்வி: என் ஆண்டு மதிப்பீட்டில் 'மீடியாக்கர்' என்று எழுதியிருக்கிறார்கள். நடுத்தரம் என்றுதானே பொருள்? தோழி இதைத் திட்டு என்கிறாள்.

உங்கள் தோழி சொல்வது சரி.

வேர்ச்சொல்லின்படி பார்த்தால் வசை எதுவும் இல்லை. லத்தீனில் 'மீடியஸ்' என்றால் நடு. 'ஓக்ரிஸ்' என்றால் கரடுமுரடான மலை. மலையில் பாதி உயரம் ஏறி நிற்பவர் என்பது மூலப்பொருள். ஆனால் இன்று ஆங்கிலம் பேசுபவர் மீடியாக்கர் என்னும்போது, இன்னும் ஏறியிருக்கலாமே என்ற ஏமாற்றம் அந்தச் சொல்லில் இருக்கிறது. நம்முடைய 'சுமார்' என்ற சொல்லைச் சிலர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொல்வார்களே, அந்தத் தொனி.

'ஆவரேஜ்' என்பது கணக்கு. பத்துப் பேரின் வேலையை அளந்தால் நடுவில் வருவது. அது புண்படுத்த வேண்டியதில்லை. 'அடிக்வேட்' என்றால் தேவைக்குப் போதும். மதிப்பீட்டில் அதைப் பெரிய பாராட்டாக யாரும் எழுதுவதில்லை. 'பாஸபிள்' என்றால் தள்ளிவிடும்படி இல்லை. மீடியாக்கர் இவற்றைவிடக் கீழே இறங்கித் தீர்ப்புச் சொல்கிறது. ஒரு மனிதருடைய ஓராண்டு உழைப்பின் மேல் காரணம் காட்டாமல் எழுதத் தகுந்த சொல் இல்லை அது. எந்த வேலை, எந்த எதிர்பார்ப்புக்குக் கீழே இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேள்வி: 'செகண்ட் ரேட்' என்பதற்கும் 'செகண்டரி' என்பதற்கும் என்ன வேறுபாடு?

செகண்டரி என்பது வரிசை, முதன்மையானதற்கு அடுத்தது. அதில் இழிவு இல்லை. செகண்ட் ரேட் என்றால் இரண்டாந்தரம், மட்டம்.

அந்த இழிவும் பிறகு ஏறியதுதான். பாய்மரக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படை, போர்க்கப்பல்களைப் பீரங்கி எண்ணிக்கையை வைத்து ஆறு வகையாகப் பிரித்தது. நூறும் அதற்கு மேலும் தாங்கியவை முதல் ரேட். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் 90 முதல் 98 பீரங்கிகள் வரை தாங்கியவை இரண்டாவது ரேட். அவையும் மூன்று அடுக்குப் பீரங்கித் தளங்கள் கொண்ட பிரம்மாண்டங்கள். 1805-இல் டிரஃபால்கர் போரில் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலுக்கு நேர் பின்னால் சென்ற டெமரேர், 98 பீரங்கிகள் கொண்ட செகண்ட் ரேட் கப்பல். விக்டரியின் மேல் பிரெஞ்சு வீரர்கள் ஏறிவிடும் நிலை வந்தபோது, குறுக்கே புகுந்து காப்பாற்றியது அந்த டெமரேர்தான். அன்றைக்கு அதைச் செகண்ட் ரேட் என்று சொன்னால் எந்த மாலுமியும் முகம் சுளித்திருக்க மாட்டான். இன்றைக்கு ஒரு மருத்துவரையோ நடிகரையோ அப்படிச் சொன்னால் அவமதிப்பு.

கேள்வி: 'சீப்', 'டாட்ரி' இரண்டும் மலிவு என்பதைத்தானே சொல்கின்றன?

சீப் என்ற சொல் விலையையும் சொல்லும், தரத்தையும் சொல்லும். அதுதான் அதன் ஆபத்து. பழைய ஆங்கிலத்தில் அது வணிகத்தைக் குறித்த சொல். லண்டனின் சீப்சைட் தெருவின் பெயர் அங்கே இருந்த சந்தையால் வந்தது. 'குட் சீப்' என்றால் நல்ல பேரம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பிறகு 'குட்' உதிர்ந்துபோய், 'சீப்' மட்டும் நின்றது. ஒருவர் அன்போடு கொடுத்த பரிசைப் பார்த்துச் சீப் என்று சொல்லிவிடாதீர்கள். விலை குறைவு என்பதை மட்டும் சொல்ல 'இன்எக்ஸ்பென்சிவ்' இருக்கிறது.

டாட்ரி வேறு. பளபளப்பு இருக்கும், சாரம் இருக்காது, பகட்டான மட்டம். கிழக்கு இங்கிலாந்தின் ஈலி நகரில் 679-இல் இறந்த புனித ஆட்ரியின் பெயரிலிருந்து வந்த சொல் இது. கழுத்தில் கட்டி வந்து இறந்தவர் அவர். இளமையில் ஆசையாக அணிந்த கழுத்தணிகளுக்குத் தண்டனை என்று அவரே அதைக் கருதியதாகப் பழைய குறிப்பு இருக்கிறது. அவர் பெயரால் அக்டோபரில் நடந்த சந்தையில் கழுத்தில் கட்டும் பட்டு நாடாக்களை விற்றார்கள். 'செயின்ட் ஆட்ரி லேஸ்' என்பதை வேகமாகச் சொல்லும்போது, செயின்ட்டின் கடைசி 'ட்' அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'டாட்ரி லேஸ்' ஆனது. நாடாவின் மதிப்புக் குறைந்தபோது பெயரும் சேர்ந்து இறங்கியது. நகையைத் துறந்த பெண்ணின் பெயர் போலி மினுக்குக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: பழுதான காரை 'லெமன்' என்கிறார்களே, எலுமிச்சைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்கப் பேச்சு வழக்கு. வெளியே பார்க்க நன்றாக இருந்து, வாங்கிய பிறகு குறைக்கு மேல் குறை காட்டும் பொருள் லெமன். குறை மறைந்திருக்கிறது என்பதே இந்தச் சொல்லின் உயிர். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் ஆராய்ந்தது: பழைய காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காருக்கும் குறைத்தே விலை கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் சந்தையை விட்டு விலகுவார். கடைசியில் மோசமானவையே மிஞ்சும். 2001-இல் அவர் நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டதற்கு இத்துறை ஆய்வே காரணம். அமெரிக்க மாநிலங்களில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு எதிராக வந்த சட்டங்களையும் 'லெமன் லா' என்றே அழைக்கிறார்கள்.

கேள்வி: வாங்கிய மின்கெண்டி சரியில்லை. நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் 'ரப்பிஷ்', 'லவுசி' என்று எழுதலாமா? கோபம் தெரிய வேண்டும்.

வேண்டாம். லவுசி என்றால் பேன் பிடித்தது என்று மூலப்பொருள். பேச்சில் சரி, கடிதத்தில் கூடாது. ரப்பிஷ் என்று எழுதினால், அதைப் படிப்பவர் உங்களைக் கோபக்காரர் என்று ஒதுக்கிவைப்பார். கெண்டியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவராது.

மூடி பொருந்தவில்லை, கீல் உடைந்துவிட்டது, கொதித்த பிறகும் தானாக அணையவில்லை என்று நடந்ததை நடந்தபடி மூன்று சிறிய வாக்கியங்களில் எழுதுங்கள். பெயரடையே தேவைப்படாது. அதற்குப் பிறகு ஒரே ஒரு சொல் வேண்டுமானால் 'டிஃபெக்டிவ்' என்று எழுதுங்கள். பழுதுள்ளது என்று பொருள். நிறுவனம் மாற்றித்தர வேண்டிய பொறுப்பை அந்தச் சொல் தொடுகிறது. 'ரப்பிஷ்' எந்தப் பொறுப்பையும் தொடாது.

கேள்வி: 'பிலோ பார்' என்பது குறையா, நிறைவா? கோல்ஃப் வர்ணனையில் பாராட்டாகக் கேட்டேன்.

'பார்' என்றால் சமம். கோல்ஃபில் ஒரு குழிக்கு இத்தனை அடி என்று வகுத்த எண்ணிக்கை அது. அடி குறைந்தால் திறமை. ஆகவே அங்கே மட்டும் பாருக்குக் கீழே போவது வெற்றி. வேறு எங்கே சொன்னாலும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்றுதான் பொருள். உடம்பு கொஞ்சம் சரியில்லை என்பதற்கும் 'ஃபீலிங் பிலோ பார்' என்பார்கள். அலுவலகக் கடிதத்தில் குழப்பம் வரும் என்று தோன்றினால் 'நாட் அப் டு ஸ்டாண்டர்ட்' என்று எழுதிவிடுங்கள்.