விவாகரத்துக்குப் பின் வரும் துக்கம்: கேள்வி பதில் (கேட்டவங்க ஊர்ப் பேர்ல)

பாம்பன்: அக்கா, தீர்ப்பு வந்து நாலு மாசம். விசைப்படகுல இன்னும் அவ பேருதான். படகுத்துறைக்குப் போனாலே நெஞ்சை அடைக்குது. அழிச்சிரவா?

பதில்: தூக்கம் வராத ராத்திரியில பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீங்க தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், எப்படியும் பெயிண்ட் அடிப்பீங்க. அப்பவும் இதே நினைப்பு இருந்தா மாத்துங்க. பதிவுச் சான்றிலும் அந்தப் பேர் இருந்தா முதல்ல மீன்வளத்துறையில கேட்டுக்குங்க.

ஆனா அந்த 61 நாள்ல உஷார். தொழிலுக்குப் போனா உடம்பு அசந்து துக்கம் அமுங்கிக் கிடக்கும். வேலை நின்னதும் மேல வரும். எப்பத் தூங்கினாலும் எந்திரிக்கிற நேரம் ஒண்ணா இருக்கட்டும். இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வரலைன்னா எந்திரிச்சு கிழிஞ்ச வலையைப் பாருங்க, கண் சொக்கினதும் படுங்க. அவங்களைப் பத்தின யோசனைக்குச் சாயங்காலம் இருபது நிமிஷம் ஒதுக்கி நோட்டுல எழுதுங்க. ராத்திரி வந்தா 'நாளைக்கு'ன்னு தள்ளுங்க. முதல் வாரம் மனசு கேட்காது, விடாதீங்க. குடிச்சா கண் மூடும். ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டும்.

தொண்டி: தூக்க மாத்திரை?

பதில்: மெடிக்கல்ல நீங்களா வாங்காதீங்க. பழகிரும், திடீர்னு நிறுத்தினா தூக்கம் முன்னைவிடக் கெடும். குடியோட சேர்ந்தா மூச்சே நிக்கலாம்.

தங்கச்சிமடம்: போட்டுக்குப் பேர் மாத்தினா ஆகாதுக்கா.

மண்டபம்: எங்க போட்டுக்கு ரெண்டு தடவை பேர் மாத்தியாச்சு, மீன்பாடு நல்லாத்தான் இருக்கு. மக பேரை வைக்கச் சொல்லுங்க.

பதில்: ராசி என் இலாகா இல்லை. மக பேருன்னா, மகளைக் கேக்காம வைக்காதீங்க. அம்மா பேரை அழிச்ச இடத்துல தன் பேரைப் பார்க்கிற பிள்ளை, அம்மா செஞ்சதெல்லாம் இனி நாமதான் செய்யணும்னு எடுத்துக்கும். அப்பாவுக்குச் சோறு ஆக்குறதுல ஆரம்பிக்கும்.

தங்கச்சிமடம்: அப்ப சாமி பேரு?

பதில்: தாராளமா. போட்டுப் பேச்சு போதும்.

கீழக்கரை: குலா (மனைவி கேட்டு வாங்குற விவாகரத்து) வாங்கின லாத்தா, எங்க அக்கா, மூணு வாரமா சரியாச் சாப்பிடலை, யார்கிட்டயும் பேசலை. ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகவா?

பதில்: துஆவுக்குப் போங்க, ஆனா முதல்ல அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. ரெண்டு வாரம் தாண்டி இப்படி இருந்தா அது மனச்சோர்வா இருக்கலாம். மருந்து எழுதினா பலன் தெரிய ரெண்டு முதல் நாலு வாரம் ஆகும். பத்தாம் நாளே 'கேக்கலை'ன்னு நிறுத்திராதீங்க. சாவைப் பத்திப் பேசினா தனியா விடாதீங்க, அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்க. எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க.

தேவிபட்டினம்: ஜீவனாம்சம் எவ்வளவு கேக்கலாம்?

பதில்: அதை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க. பெண்களுக்கு வக்கீல் இலவசம்.

ராமேஸ்வரம்: ஒரே ஒரு மாத்திரை பேர் மட்டும் சொல்லுங்க மேடம்.

பதில்: தொண்டிக்காரருக்குச் சொன்னதைப் படிங்க. சொல்ல மாட்டேன்.